முள் முளைத்த குருதி

லாங் ஐலண்டின் கிழக்கு முனையில், ஈஸ்ட் ஹாம்ப்டன் ஊரையொட்டிய காட்டுவழி. மருத்துவரான தந்தை நோயாளிகளைப் பார்க்கக் குதிரை வண்டியில் போகிறார். பக்கத்தில் அவருடைய மகன், சிறுவன். வழியில் இரண்டு பெண்கள் எதிர்ப்படுகிறார்கள். தாயும் மகளும். இருவரும் நெடிய உருவம், எலும்பும் தோலுமான உடம்பு. குனிந்து, முறுக்கி, முகத்தைக் கோணிக்கொண்டு நடந்து வருகிறார்கள். தந்தை வண்டியை நிறுத்தி அவர்களிடம் ஏதோ பேசுகிறார். பிறகு வண்டி நகர்கிறது.

அந்தச் சிறுவன் ஜார்ஜ் ஹண்டிங்டன். 1872இல், தன் 22ஆம் வயதில், பரம்பரையாக வரும் ஒரு நடுக்க நோயைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை அந்த நோய்க்கு அவர் பெயரையே வாங்கித் தந்தது. காட்டுவழியில் கண்ட பெண்களைப் பற்றி அவர் பல்லாண்டு கழித்து, 1909இல்தான் சொன்னார். தான் மருத்துவத்துக்குள் வர அந்தக் காட்சியே முதல் தூண்டுதல் என்றார். அவர் நினைவில் அந்தப் பெண்களின் தோற்றம் அப்படியே இருந்தது. தந்தை என்ன கேட்டார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது இல்லை.

இந்தக் கட்டுரை ஹண்டிங்டன் நோயைப் பற்றியது அல்ல. அதன் நிழலுக்குள் நெடுங்காலம் மறைந்து கிடந்த இன்னொரு நோய்க்குடும்பத்தைப் பற்றியது. அதை அடையாளம் காண மருத்துவர்கள் நோயாளியின் உடலசைவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவருடைய ரத்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்போது அந்தக் காட்டுவழியைக் கடக்காமல் வர முடியவில்லை. பார்த்தவரின் பெயர் நிற்பதும் பார்க்கப்பட்டவளின் பெயர் உதிர்வதும் இதில் மறுபடி மறுபடி நடக்கிறது.

உடல் தன்னிச்சையாக அசைவதை மருத்துவம் கொரியா என்கிறது. கிரேக்கத்தில் நடனம் என்று பொருள். வெளியே நின்று பார்ப்பவர் வைத்த பெயர் என்பது கேட்டவுடனே தெரிகிறது. கை தன் பேச்சைக் கேட்காமல் போகிறவருக்கு அது ஆட்டமாகத் தோன்றாது. ஹண்டிங்டனின் ஊரில் நோய் இருந்த குடும்பங்கள் அதற்குப் பெயரே வைக்காமல் 'அந்தக் கோளாறு' என்ற பொருளில்தான் தணிந்த குரலில் குறிப்பிட்டார்களாம். நம் வீடுகளிலும் சில நோய்கள் சுட்டுச்சொல்லால் மட்டும் அறியப்படுவது நினைவுக்கு வருகிறது. 'அது' வந்தவள், 'அந்த மாதிரி' ஆனவள்.

பெயரில்லாத இடத்தில் கதைகள் வந்து அமரும். 1932இல் வெஸ்ஸி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்கள் இந்த நோயைக் கொண்டுவந்தன என்றும், அக்குடும்பங்களின் பெண்கள் சூனியக்காரிகளாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்கள் என்றும் அவர் வம்சாவளி வரைந்தார். பாடநூல்கள் அதைப் பல பத்தாண்டுகள் திருப்பிச் சொல்லின. பின்னால் வந்தவர்கள் ஆவணங்களைச் சரிபார்த்தபோது வம்சாவளி ஒட்டவில்லை, கதை உடைந்தது.

அந்தக் கதை ஏன் அவ்வளவு காலம் பிடித்துப்போனது என்று யோசிக்கலாம். கேட்பதற்கு அது இரக்கமாகத்தான் இருக்கிறது. பாவம், அவர்கள் சூனியக்காரிகள் இல்லை, நோயாளிகள்! ஆனால் அதன் அடியில் வேறொன்று இருக்கிறது. தூக்கிலிட்டவர்கள் காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார்கள், அந்தப் பெண்களிடம் 'ஏதோ' இருந்தது உண்மைதான் என்று அது ஒப்புக்கொள்கிறது. நிலத்தகராறு, அண்டைவீட்டுப் பகை, திருச்சபை, நீதிமன்றம் எல்லாம் பின்னுக்குப் போய், விளக்கம் முழுவதும் பெண்ணின் உடலுக்குள் வந்து நின்றுவிடுகிறது. இறந்தவர்களுக்கு நோய்ப்பெயர் வைப்பதில் உள்ள இந்த ஆபத்துக்கு மீண்டும் வர வேண்டியிருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் பாரிஸில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பெண் நோயாளிகளின் முறுக்கல்களும் நெளிவுகளும் புகைப்படத் தொகுதிகளாயின. ஷார்கோ அவற்றுக்கு ஹிஸ்டீரியா என்று பெயர் சொன்னார்; கருப்பை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பழைய பெயர் அது. ஷார்கோ தாமே அதைக் கருப்பையின் நோயாகக் கருதவில்லை, ஆண்களுக்கும் அது உண்டு என்றவர். ஆனாலும் சொல்லில் கருப்பை இருந்தது, புகைப்படங்களில் பெண்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருடைய ரத்தம் வேறு கதை சொல்லியிருக்கும் என்று கேட்பதற்கில்லை. ரத்தத்தை அந்தக் கேள்வியோடு பார்க்க யாருக்கும் அப்போது தோன்றியிருக்க முடியாது.

தோன்றியது 1950இல், நியூயார்க்கில். பாசன் என்ற மருத்துவரும் கோர்ன்ஸ்வைக் என்ற கண் மருத்துவரும் 18 வயது யூதப் பெண் ஒருத்தியைப் பரிசோதித்தார்கள். விழித்திரை சிதைந்துகொண்டிருந்தது, நடை தள்ளாடியது. அவளுடைய பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்கள். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் வட்டமாக இல்லை. விளிம்பு முழுக்க ஒழுங்கில்லாத கூர்முனைகள். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் அந்த அணுவுக்கு முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயர் எடுத்தார்கள். இன்றைய வழக்கில் அகாந்தோசைட். முள்ளணு என்று நாம் சொல்லலாம். நெருஞ்சிக்காயைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

நரம்புக்கும் சிவப்பணுவுக்கும் என்ன உறவு? மூளைநரம்பு எங்கோ மண்டைக்குள் இருக்கிறது, சிவப்பணுவோ உடல் முழுக்க ஓடுகிறது. இரண்டையும் இணைப்பது கொழுப்பு. எந்த உயிரணுவின் சவ்வும் இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. அந்த அடுக்குகளின் சமநிலை குலைந்தால் சிவப்பணுவின் மேற்பரப்பு முள் முள்ளாக வெளியே தள்ளுகிறது. நரம்பணுவில் அதே போன்ற குலைவு எளிதில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. மூளையைத் திறக்காமல் பார்க்க முடியாத ஒன்றுக்கு, விரல்நுனியில் எடுத்த ஒரு சொட்டு சாட்சி சொல்கிறது.

நியூயார்க் பெண்ணின் நோய் என்ன என்பது 1960இல் துலங்கியது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு மருத்துவர் குழு, இந்நோயாளிகளின் ரத்தத்தில் பீட்டா லிப்போபுரோட்டீன் என்ற கொழுப்புச் சுமப்பியே இல்லை என்று காட்டியது. அந்தக் குழுவில் ஜூன் லாய்ட் என்ற இளம் பெண் மருத்துவர் இருந்தார். 1928இல் காஷ்மீரில் பிறந்தவர். பின்னாளில் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1996இல் பிரபுக்கள் சபை உறுப்பினராகவும் ஆக்கப்பட்டார். பட்டங்கள் இருக்கட்டும். அவரை நான் இங்கே நினைப்பது வைட்டமின் ஈ காரணமாக. கொழுப்பைச் சுமந்து செல்ல ஆளில்லாவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் குடலைத் தாண்டி வராது. அவற்றில் வைட்டமின் ஈ இல்லாமல்தான் நரம்பு அழிகிறது என்ற எண்ணத்தில், லாய்டும் உடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளுக்கு மிக உயர்ந்த அளவில் அதைக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1977இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறுவயதிலேயே தொடங்கினால் தள்ளாட்டத்தையும் பார்வையிழப்பையும் பெருமளவு தடுத்து நிறுத்த முடிந்தது. முள்ளணு நோய்களில் மருந்தால் இப்படி மறித்து நிறுத்த முடிவது இது ஒன்றுதான். அதனால்தான் கண்டறிவதில் காலம் முக்கியமாகிறது. பத்து வயதில் பெயர் தெரிந்தால் நடப்பாள். முப்பதில் தெரிந்தால் பெயர் மட்டும் கிடைக்கும்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1960களில் இர்விங் லெவின் நியூ இங்கிலாந்தின் ஒரு குடும்பத்தையும், எட்மண்ட் கிரிட்ச்லி கென்டக்கியின் ஒரு குடும்பத்தையும் தனித்தனியே விவரித்தார்கள். ரத்தத்தில் அதே முட்கள். ஆனால் கொழுப்புச் சுமப்பி சரியாகவே இருந்தது. வைட்டமினால் பயனில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் தொடங்கும் இந்த நோய்தான் இன்று கொரியா-அகாந்தோசைட்டோசிஸ் எனப்படுகிறது. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு.

இந்த நோயின் முகம் கொடுமையானது. சாப்பிடும்போது நாக்கு தானாக உணவை வெளியே தள்ளும். உதட்டையும் நாக்கையும் கடித்துக் குதறிக்கொள்வார்கள், வேண்டுமென்று அல்ல. கடிக்காமலிருக்கப் பற்களிடையே ஒரு குச்சியையோ துணியையோ வைத்துக்கொள்வார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கவளத்தைத் தொண்டைக்கு அருகே வைத்து விழுங்கக் கற்றுக்கொள்வார்கள். நடக்கும்போது தலையும் உடலும் திடீரென்று மடிந்து நிமிரும். வலிப்பு வரலாம். பலருக்கு இவற்றுக்கெல்லாம் முன்பே மனம் மாறத் தொடங்கிவிடும்: ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சோர்வு, அடக்கமுடியாத எரிச்சல்.

ஆண், பெண் இருவரையும் சமமாகத் தாக்கும் நோய் இது. ஆனால் வெளியே தெரியும் குறிகள் ஒரு பெண்ணிடம் எப்படி வாசிக்கப்படும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டிக்கொடுத்து இரண்டு வருடமான ஒருத்தி பந்தியில் சோற்றைத் துப்புகிறாள். பேசும்போது உறுமுகிறாள். உதட்டில் ரத்தம். கழுவிய பாத்திரத்தையே கழுவுகிறாள். இந்த விவரத்தைக் கேட்டவுடன் ரத்தப் பரிசோதனை என்று யார் வாயிலிருந்து வரும்? திமிர் என்பார்கள், பேய் என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் மனநோய் என்பார்கள். மனநல மருத்துவரிடம் போவதில் தவறில்லை, மனக்குறிகளும் நோயின் பகுதிதான். தவறு அங்கேயே நின்றுவிடுவது.

நிற்காமல் மேலே போக வழிகாட்டும் சோதனைகள் எல்லாமே விலையுயர்ந்தவை அல்ல. ரத்தத்தில் சி.கே. எனப்படும் தசை நொதியின் அளவு இந்நோயாளிகளில் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். ஹண்டிங்டன் நோயில் அப்படி இருப்பதில்லை. சாதாரண ஆய்வகம் செய்யும் சோதனை அது. முள்ளணுக்கள் சிலரிடம் நூற்றுக்கு ஐந்தும் சிலரிடம் ஐம்பதும் இருக்கலாம். சிலரிடம் தெரியாமலே போகலாம். வழக்கமான பூச்சில் காணாத முட்கள், ரத்தத்தை உப்புநீரில் நீர்த்துப் பார்க்கும்போது எழுந்து வருவதுண்டு. 2001இல் இதன் மரபணு கண்டுபிடிக்கப்பட்டு அது உண்டாக்கும் புரதத்துக்குக் கொரீன் என்று பெயரிட்டார்கள். சிவப்பணுச் சவ்வில் கொரீன் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை 2004இல் வந்தது. நோயாளிகளின் பெற்றோர் லண்டனில் தொடங்கிய ஓர் அமைப்பு பணம் திரட்டி, மியூனிக் நகர ஆய்வகமொன்றில் எந்த நாட்டவருக்கும் அந்தச் சோதனை இலவசமாக நடக்க வழிசெய்தது. ஒரு நோய்க்குப் பெயர் கிடைக்கச் சமையலறை மேசையிலிருந்து வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் இந்த வரலாற்றில் சேர வேண்டும்.

இந்தக் குடும்பத்தின் மூன்றாம் நோயின் கதை ஒரு தாயின் ரத்தத்திலிருந்து தொடங்குகிறது. 1946, இங்கிலாந்து. பிறந்த குழந்தையின் சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருந்தன. தாயின் உடல் தன் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக ஆன்டிபாடிகளை உண்டாக்கியிருந்தது. கூம்ஸ், மூரண்ட், ரேஸ் என்ற மூவர் அப்போது புதிதாக வந்திருந்த சோதனையால் அதுவரை அறியாத ஒரு ரத்தவகையைக் கண்டார்கள். அந்தத் தாயின் குடும்பப்பெயரை வெட்டி முதல் எழுத்துகளால் அதற்குக் கெல் என்று பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் அதன் எதிர்வகை கிடைத்தது, அதுவும் ஒரு தாயின் ரத்தத்திலிருந்துதான். அவள் பெயரை எழுத்து மாற்றிக் கலைத்துச் செல்லானோ என்றார்கள். நோயாளியின் அந்தரங்கம் காப்பது நல்ல வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் 1961இல் ஹார்வர்டில் பல் மருத்துவம் படித்த ஓர் இளைஞனின் ரத்தத்தில் கெல் வகை வழக்கத்துக்கு மாறாக மங்கிக் காணப்பட்டபோது, அவன் குடும்பப்பெயரை வெட்டவும் இல்லை, கலைக்கவும் இல்லை. மெக்லவுட் என்று முழுசாக வைத்தார்கள்.

மெக்லவுட் வகை ரத்தத்தில் முள்ளணுக்கள் இருப்பதும், அந்த ரத்தம் உள்ளவர்களுக்கு நடுவயதில் தசையும் நரம்பும் மூளையும் பழுதாவதும் அடுத்த இருபது ஆண்டுகளில் தெரியவந்தன. அதில் பெண் ஆய்வாளர்கள் வைத்த கற்கள் உறுதியானவை. சியாட்டிலின் எலோய்ஸ் கிப்லெட் 1971இல், ஒரு வகை எதிர்ப்பாற்றல் குறைபாடு உள்ள சிறுவர்களிடம் இந்த ரத்தவகை இருப்பதைக் காட்டி, அவர்களுக்குப் பிறர் ரத்தம் ஏற்றுவது ஆபத்தாக முடியலாம் என்று எச்சரித்தார். மெக்லவுட் உள்ளவர்கள் தங்கள் ரத்தத்தையே முன்கூட்டிச் சேமித்துவைக்க வேண்டும் என்று இன்று சொல்லப்படுவதன் வேர் அங்கே இருக்கிறது. 1985இல் ஊட்டா ஃபிராங்கெ, பல நோய்கள் ஒருங்கே இருந்த ஒரு சிறுவனின் எக்ஸ் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டு, இந்நோயின் மரபணு எங்கே என்று ஏறத்தாழச் சுட்டினார். 1994இல் அது பிடிபட்டது.

எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஒன்று, தாயிடமிருந்து. பெண்ணுக்கு இரண்டு. ஆகவே மெக்லவுட் மகனின் பின்னால் எப்போதும் ஒரு தாய் நிற்பதாக வரைபடம் சொல்கிறது. மரபுக் கிளைப்படத்தில் ஆண் சதுரம், பெண் வட்டம். நோயைச் சுமப்பதாகக் கருதப்படும் பெண்ணின் வட்டத்துக்கு நடுவே ஒரு புள்ளி வைப்பார்கள். முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது பொட்டு வைத்த முகம் என்றே எனக்குத் தோன்றியது. அவளுக்குப் பெயர் 'கேரியர்'. நம் ஊரில் சாப்பாடு கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரத்துக்கும் அதுதான் பெயர். உள்ளே இருப்பதில் அவளுக்குப் பங்கில்லை, கொண்டுபோய்ச் சேர்க்கிறாள், அவ்வளவுதான் என்பதாக.

அது சரியல்ல என்று சொன்ன அறிவியலும் அதே 1961இல்தான் வந்தது. மேரி லையன், 1925இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் படித்தவர். அவர் படித்து முடித்தபோது கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தரவில்லை, பெயரளவிலான பட்டம்தான். 1948இல்தான் அந்த வாசல் திறந்தது. ஹார்வெல் ஆய்வகத்தில் எலிகளை வளர்த்துக்கொண்டிருந்த லையன், சில பெண் எலிகளின் தோல் மட்டும் திட்டுத்திட்டாக இருவண்ணம் காட்டுவதைக் கவனித்தார். ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும் கட்டுரையில் விளக்கம் சொன்னார்: பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் கருவின் தொடக்கக் காலத்திலேயே இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிவிடுகிறது. எந்த ஒன்று என்பது தற்செயல். ஓர் அணுவில் தாய்வழி எக்ஸ் விழித்திருக்கும், அடுத்ததில் தந்தைவழி. எனவே ஒவ்வொரு பெண்ணும் இரண்டு வகை அணுக்களின் கலவை. தெருவில் திரியும் மூவண்ணப் பூனைகள் அநேகமாகப் பெட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

லையனின் கருத்து மனித ரத்தத்தில் கண்ணெதிரே தெரிந்த இடங்களில் ஒன்று மெக்லவுட் தாய்மார்கள். 1970களில் அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தபோது இரண்டு வகைச் சிவப்பணுக்கள் கலந்து ஓடின. ஒரு பகுதி இயல்பு, ஒரு பகுதி மெக்லவுட். சிலரிடம் முட்களும் இருந்தன. அரிதாகச் சில பெண்களுக்கு நோய்க்குறிகளும் வருவதுண்டு. பாத்திரம் அல்ல அவள். அந்த மரபணு அவளுக்குள்ளும் வாழ்கிறது, அவள் அதனோடு ஒரு கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறாள். 'பாதிப்பில்லை' என்று கோப்பில் எழுதி அவளை அனுப்பிவிடுவது, மகன்களைப் பற்றிக் கேட்க மட்டுமே அவளை அழைத்தோம் என்று ஒப்புக்கொள்வதுதான்.

கெல்லும் மெக்லவுட்டும் 2010இல் எதிர்பாராத இடத்தில் வந்து நின்றன: எட்டாம் ஹென்றியின் படுக்கையறையில். காத்ரினா பேங்க்ஸ் விட்லி, கைரா கிராமர் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் ஒரு வரலாற்று இதழில் எழுதினார்கள். ஹென்றிக்குக் கெல் வகை ரத்தம் இருந்திருக்கலாம். அதனால்தான் அரசியரின் கருக்கள் தொடர்ந்து கலைந்தன. நாற்பதை ஒட்டி அவர் சந்தேகக்காரராகவும் கொடூரராகவும் மாறியதற்கு மெக்லவுட் நோய் காரணமாக இருந்திருக்கலாம்.

வாசித்தவுடன் எழும் திருப்தியை நான் மறைக்க மாட்டேன். அரகானின் காதரின் ஆறு முறையேனும் கருவுற்று ஒரே ஒரு மகளைக் காப்பாற்றினாள், அதற்காகத் தள்ளிவைக்கப்பட்டாள். ஆன் பொலீன் 1533இல் எலிசபெத்தைப் பெற்றாள். 1536 ஜனவரியில் கரு கலைந்தது, மே 19இல் தலை வெட்டப்பட்டது. ஆண் வாரிசு தராதவள் என்று ஐந்நூறு ஆண்டுகளாக அவர்கள் மேல் கிடந்த பழியை இரண்டு பெண்கள் தூக்கி அரசன் மேல் வைக்கிறார்கள்.

ஆனால் நிற்கவில்லை அது. கெல் முரண்பாட்டில் பொதுவாக முதல் குழந்தை பிழைத்துவிடும், பின்வருபவைதான் பாதிக்கப்படும். ஆனுக்கு இது பொருந்துகிறது. காதரினின் முதல் குழந்தையோ இறந்தே பிறந்தது. மெக்லவுட் ரத்தத்தில் கெல் தன்மை மங்கிவிடும் என்பதை மேலே பார்த்தோம். இரண்டும் ஒரே ஆளுக்குள் முழு வேகத்தில் இருப்பது கடினம். சோதிக்க ரத்தமும் இல்லை. இவற்றைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஹென்றியின் குறைபாடு எங்கிருந்து வந்தது என்று தேடிய அவர்களின் விரலும் கடைசியில் ஒரு பெண்ணிடம்தான் போய் நிற்கிறது: தாயின் தாயின் தாய், லக்சம்பர்க்கின் ஜாக்கெட்டா. தன் காலத்தில் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்டவள்! சூனியத்திலிருந்து மரபணுவுக்கு வந்திருக்கிறோம், குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் மாறவில்லை. தவிர, ஆனைக் கொன்றது ஒரு புரதம் என்றாகிவிட்டால் தேசத்துரோகச் சட்டமும் தாமஸ் கிராம்வெல்லும் தலையாட்டிய நடுவர் குழுவும் எங்கே போவார்கள்? வெஸ்ஸியின் சூனியக்காரிகளுக்கு நேர்ந்ததே இங்கே அரசனுக்குச் சாதகமாக நேர்கிறது.

இறந்தவர்களை விட்டு, இருப்பவர்களிடம் வருகிறேன். கொரியா-அகாந்தோசைட்டோசிஸ் எக்ஸ் வழியாக வருவதல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிழைப்பிரதி வந்தால்தான் நோய். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிள்ளையிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவுக்குள் மணக்கும்போது ஒரே முன்னோரின் பிரதி இரண்டு பக்கமாகவும் இறங்கி ஒரு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறைமணம் பழகிய தமிழ்ச் சமூகத்தில் இத்தகைய நோய்களைப் பேசுவதற்கு இதுவே காரணம். இந்தியாவிலிருந்தும் இந்நோய்க்குடும்பத்தைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் வந்துள்ளன. இங்கே நோயுற்ற பிள்ளையைப் பார்த்து 'வந்தவள் கொண்டுவந்தது' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதன் வேடிக்கையைக் கவனியுங்கள். அத்தை மகனைக் கட்டியவளுக்கு மாமியார் சொந்த அத்தை. இருவருக்கும் ஒரே தாத்தாவின் வீடு. எங்கிருந்து வந்தாள் அவள், எதைக் கொண்டுவந்தாள்? கிளைப்படத்தில் இத்தகைய தம்பதியை இரட்டைக் கோட்டால் இணைப்பார்கள். அந்த இரண்டு கோட்டில் ஒன்றைத்தான் வீட்டார் பார்க்கிறார்கள்.

நோய் உறுதியானதும் அடுத்து வருவது மற்றப் பெண்பிள்ளைகளின் கல்யாணம் பற்றிய பயம். அதனாலேயே அக்காளின் அறிக்கை பீரோவுக்குள் போய்விடும், தங்கைக்குச் சொல்லப்படாது. பிரதியைச் சுமப்பவரைச் சோதனையில் கண்டறிய முடிகிறது. நோயுள்ள உடன்பிறந்தார் இருக்கும் தங்கைக்கு அதைத் தெரிந்துகொள்ளவும், தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. இரண்டில் எதையும் அவளிடம் கேட்பதற்குப் பதில், மறைப்பதையே பாதுகாப்பு என்று நினைக்கிறோம்.

அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் பெயரை மாற்றச் சொல்கிறார்கள். முள் எல்லோரிடமும் தெரிவதில்லை என்பதால் முள்ளைக் குறிக்கும் பொதுப்பெயர் வேண்டாம்; மரபணுவின் பெயரே நோயின் பெயராகட்டும் என்கிறார்கள். கொரியா-அகாந்தோசைட்டோசிஸ் இனி வி.பி.எஸ்.13ஏ நோய், மெக்லவுட் இனி எக்ஸ்.கே. நோய். இந்த இரண்டு புரதங்களும் உயிரணுவுக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கொழுப்பை இடம் மாற்றும் பணியில் சேர்ந்திருக்கின்றன என்பதும் தெரிந்திருக்கிறது. தனித்தனியாகக் கண்டறியப்பட்ட நோய்கள் ஒரே வேலையின் இரண்டு முனைகளாகிவிட்டன. நடனமும் முள்ளும் இளைஞனின் குடும்பப்பெயரும் மெல்ல விடைபெறும்.

கெல் மட்டும் நிற்கிறது. ரத்த வங்கிகளில் அதையும் முழுசாக எழுதுவதில்லை. 1946இன் தாய் பரிசோதனைத் தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்துக் கே ஆக இருக்கிறாள். பெயர் கலைக்கப்பட்ட 1949இன் தாய், அவளுக்குப் பக்கத்தில், சிறிய எழுத்துக் கே.